வாழ்க்கை மாறும்போது உடம்பு என்ன செய்கிறது? ஓய்வுபெற்ற தாதியிடம் கேளுங்கள்

சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில் 29 ஆண்டுகள் தாதியாக இருந்தேன், அதில் கடைசி 12 ஆண்டுகள் நீரிழிவுப் பிரிவில். வீடு மாறியது, வேலை போனது, கல்யாணம், வீட்டில் ஒரு மரணம் என எதற்குப் பிறகாவது உடம்பு வேறு மாதிரி ஆகியிருந்தால் கேளுங்கள். மாத்திரையைக் கூட்டவா, குறைக்கவா என்று மட்டும் கேட்காதீர்கள். அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பொங்கோல் வாசகி: சிஸ்டர், 30 வருடம் அங் மோ கியோவில் இருந்த அம்மாவை எங்கள் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு அழைத்து வந்து மூன்று மாதம் ஆகிறது. சாப்பாடு அதேதான். ஆனால் வெறும் வயிற்றில் 7 (மில்லிமோல் கணக்கில்) இருந்த சர்க்கரை இப்போது 11. மன அழுத்தத்தால் இப்படி ஏறுமா?

ஏறும். மனம் பதறும்போது அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரக்கும். ஓடவோ போராடவோ தேவைப்படும் என்று உடம்பு நினைத்துக்கொள்ளும், கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடும். கார்ட்டிசோல், இன்சுலினின் வேலையையும் மந்தமாக்கும். பழைய வீட்டை விட்டு வந்த ஏக்கம் வாரக்கணக்கில் நீடித்தால் இதுவும் நீடிக்கும்.

ஆனால் 11க்கு இது மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். உங்கள் அம்மா மாதிரியே வீடு மாறிய ஒரு பாட்டி என்னிடம் வருவார். "மாத்திரை எல்லாம் சரியாகப் போடுகிறேன் மிஸ்ஸி" என்பார். ஒருநாள் மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். திங்கள் முதல் வியாழன் வரை ராத்திரி அறைகள் காலி. காலை அறைகளில் மாத்திரை அப்படியே இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. பழைய பேட்டையில் காலையில் சந்தைக்கு நடந்து, கோப்பிக்கடையில் தோழிகளோடு கோப்பி குடித்து, வீடு திரும்பியதும் மாத்திரை போடுவது அவர் பழக்கம். புது இடத்தில் சந்தையும் இல்லை, தோழிகளும் இல்லை, மாத்திரையை நினைவுபடுத்த ஒன்றுமே இல்லை. நடையும் நின்றுபோயிருந்தது.

அதனால் இன்றே அம்மாவின் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே காலை எப்படிப் போனது, யாரோடு நடந்தார் என்று உட்கார்ந்து கேளுங்கள். சர்க்கரைக் குறிப்பேட்டோடு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். உள்ளே ஏதாவது கிருமித் தொற்று இருந்தாலும் சர்க்கரை ஏறும்.

ஈசூன் வாசகர்: மன அழுத்தத்துக்கு அமுக்கராப் (அஸ்வகந்தா) பொடி சாப்பிடலாமா?

தைராய்டு, நீரிழிவு, தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கல்லீரல் பாதிப்பும் சிலருக்கு வந்திருக்கிறது.

ஜூரோங் வாசகர்: 'வாழ்க்கை நிகழ்வு மதிப்பெண்' போட்டுப் பார்த்தேன். ஆட்குறைப்பு, கல்யாணம், புது வீடு, இன்னும் பலவும் சேர்ந்து 310 வருகிறது. 300க்கு மேல் போனால் பெரிய நோய் வரும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் தம்பி. அது ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1967இல் வெளியிட்ட பட்டியல். மொத்தம் 43 நிகழ்வுகள். துணை இறந்தால் 100, வேலை போனால் 47, வீடு மாறினால் 20. கிறிஸ்துமஸுக்குக்கூட 12 உண்டு, தீபாவளி கிடையாது. ஒரு கூட்டத்தில் யாருக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பார்க்கத்தான் அது உதவும். உங்களுக்கு நோய் வருமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 310 வந்தவர் நன்றாகத் தூங்கி, நேரத்துக்குச் சாப்பிட்டு, பேச ஆளோடு இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

உட்லண்ட்ஸ் வாசகர்: கல்யாணத்தைப் போய் அழுத்தம் என்று எழுதியவர்களை நம்பலாமா? நல்ல காரியம் உடம்பைக் கெடுக்குமா?

செங்காங் வாசகி: அண்ணா, எனக்குக் கல்யாணமான இரண்டாம் மாதம் தொடங்கிய ஒற்றைத் தலைவலி. மாப்பிள்ளை தங்கமானவர்தான்.

இதை விட்டுவிட மனமில்லை. அந்தப் பட்டியலுக்கு அளவுகோலே கல்யாணம்தான். மதிப்புப் போட்டவர்களிடம் கல்யாணத்தை 500 என்று வைத்துக்கொள்ளச் சொல்லி, மற்றதெல்லாம் அதைவிடக் கூடவா குறைவா என்று கேட்டார்கள். பிறகு பத்தால் வகுத்து 50 ஆக்கினார்கள். நல்லதா கெட்டதா என்று அவர்கள் பார்க்கவில்லை. வாழ்க்கையை எவ்வளவு மாற்றி அமைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. புது வீடு, புது சமையல், புது தூக்க நேரம், புது மாமியார். செங்காங் தங்கையின் தலைவலிக்குத் தூக்கமும் சாப்பாட்டு நேரமும் மாறியதே காரணமாக இருக்கலாம். இரண்டு வாரம் எழுதி வையுங்கள் மா, அப்புறம் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: நமக்கு உறவுக்காரர்கள் சூழ இருக்கிறார்கள். அவர்கள் கணக்கு நமக்குப் பொருந்தாது.

பாதி ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தால் சுமை குறையும். ஆனால் "நமக்கு அதெல்லாம் வராது" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேர் உடம்பு முற்றிய பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அதுதான் எனக்குக் கோபம்.

தெம்பனிஸ் வாசகர்: 55 வயதில் வேலை போய்விட்டது. மத்திய சேமநிதியில் எவ்வளவு எடுக்கலாம்?

அது என் துறை இல்லை, சேமநிதிக் கழகத்தைக் கேளுங்கள். ரத்த அழுத்தம் பார்த்து எத்தனை நாள் ஆகிறது என்று மட்டும் நான் கேட்கிறேன்.

புக்கிட் பாத்தோக் வாசகி: வேலை போய் மூன்று மாதம். தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது.

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவது உண்டு. பெரும்பாலும் தானே நின்று திரும்ப வளரும். ரத்தசோகையும் தைராய்டும் மட்டும் பார்த்துவிடுங்கள்.

பீஷான் வாசகர்: அமுக்கரா?

மேலே சொல்லிவிட்டேன்.

பிடோக் வாசகி: கணவர் தவறிப் பத்து நாள். நேற்று நெஞ்சை அழுத்தியது. துக்கம்தான் என்று மகள் சொல்கிறாள்.

அம்மா, மேலே படிக்க வேண்டாம். இப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மறுபடி வலித்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். துக்கத்திலேயே இதயத் தசை பலவீனமாகும் ஒரு நோய் உண்டு. 1990இல் ஜப்பானியர்கள் அதற்கு 'தகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள், ஆக்டோபஸ் பிடிக்கும் பானை என்று அர்த்தம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வரும். வலியை வைத்து அதையும் மாரடைப்பையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டும். நெஞ்சுவலியை மனக்கவலை என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்.

சுவா சூ காங் வாசகி: மகன் தேசிய சேவைக்குப் போனதிலிருந்து தூக்கமே இல்லை. என்ன பொடி நல்லது?

பொடி வேண்டாம் என்பதை இத்தோடு மூன்றாவது முறையாக எழுதுகிறேன். மத்தியானத் தூக்கத்தையும் மாலைக் கோப்பியையும் விட்டுப் பாருங்கள். மனம் தாங்கவில்லை என்றால் 1771 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

பொங்கோல் வாசகி: சிஸ்டர், பெட்டியைத் திறந்தேன். ஐந்து காலை மாத்திரைகள் அப்படியே இருக்கின்றன. அம்மா அழுகிறார்.

திட்டாதீர்கள் மா. விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடவும் வேண்டாம். பெட்டியை அப்படியே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். நாளைக் காலை அம்மாவோடு கீழே இறங்கி, பக்கத்துக் கோப்பிக்கடைவரை நடந்து வாருங்கள். மாத்திரை அதற்கு அப்புறம்.