பூசணம் பிடித்த வரகும் தசைக்குள் இருக்கும் கால்சியம் பம்பும்

அரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வரகு அறுத்துக் களத்தில் குவித்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் கழித்துத்தான் காய வைத்தோம். இப்போது சாக்கைப் பிரித்தால் மக்கிய வாடை. அந்த வரகுச் சோறு சாப்பிட்ட அன்று மாமனாருக்குக் கிறுகிறுப்பு, வாந்தி, கை நடுக்கம். கல்லூரியில் படிக்கும் மகள், 'இது தசையில் இருக்கும் கால்சியம் பம்பை அடைக்கிற விஷம்' என்கிறாள். உண்மையா? நன்றாகக் கழுவி வேகவைத்தால் சரியாகிவிடுமா? இல்லையென்றால் மாட்டுக்காவது போடலாமா?"

அம்மா, அந்த வரகை நீங்களும் சாப்பிடக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது. வேகவைத்தால் பூசணம்தான் சாகும். அது தானியத்துக்குள் விட்டுவைத்த நச்சு உலைத் தண்ணீரில் போய்விடும் என்று நம்ப வேண்டாம். மாமனாரை இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பிடி வரகையும் கையோடு கொண்டுபோய், எப்போது எவ்வளவு சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். கிறுகிறுப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் மகள் சொல்வது சரி. ஈரத்தில் கிடந்த வரகில் வளரும் சில பூஞ்சைகள் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நச்சைச் சுரக்கின்றன. அது போய் உட்காரும் இடம் அந்தப் பம்புதான்.

கையை மடக்கும்போது, தசை இழைகளைச் சுற்றிப் பின்னியிருக்கும் சின்னப் பைகளிலிருந்து கால்சியம் வெளியே கொட்டுகிறது, தசை சுருங்குகிறது. கை மறுபடி தளர வேண்டுமென்றால் கொட்டியதையெல்லாம் பைக்குள் திருப்பி ஏற்ற வேண்டும். பைக்குள் ஏற்கனவே கால்சியம் பல ஆயிரம் மடங்கு அதிகம். மேட்டுக்குத் தண்ணீர் இறைக்கிற வேலை இது. செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து ஒரு தடவைக்கு இரண்டு கால்சியம் அயனிகளை ஏற்றுகிறது இந்தப் பம்பு.

அது எப்படி இருக்கும் என்று அணு அணுவாகக் காட்டியவர்கள் ஜப்பானைச் சேர்ந்த சிகாஷி டொயோஷிமாவின் குழுவினர். இந்தப் பம்பு ஒரு புரதம். முயலின் தசையிலிருந்து அதைப் பிரித்துப் படிகமாக்கி, எக்ஸ்கதிர் செலுத்தி, 2000-ல் 2.6 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். பையின் சுவரான கொழுப்புப் படலத்துக்குள் வாழும் புரதத்தைக் கலையாமல் வெளியே எடுத்துப் படிகமாக்குவது எவ்வளவு பாடு என்பது அந்த வேலையில் கை வைத்தவர்களுக்குத் தெரியும்.

994 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி அது. பத்துச் சுருள்கள் படலத்தைக் குறுக்கே துளைத்து நிற்கின்றன. அவற்றின் நடுவில்தான் இரண்டு கால்சியமும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகின்றன. படலத்துக்கு வெளியே மூன்று துண்டாக ஒரு பெரிய தலை. ஒரு துண்டு ஏடிபியைப் பிடிக்கிறது, ஒன்று அதன் பாஸ்பேட்டை வாங்கிக்கொள்கிறது, மூன்றாவது திரும்பிச் சுருள்களை இழுக்கிறது. கால்சியம் இருக்கும்போது மூன்றும் விலகி நிற்கின்றன. கால்சியம் இல்லாத நிலையின் படம் 2002-ல் வந்தபோது அவை ஒன்றோடொன்று ஒட்டி மூடியிருந்தன. மேலே தலை ஆடினால் கீழே கதவு திறக்கிறது. கிணற்று ஏற்றத்தின் மரம் சாய்ந்து நிமிர்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்றத்தின் அச்சில் ஆப்பு அடித்தால்? 2007-ல் வெளியான படிக அமைப்புகளில் அதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கால்சியம் உள்ளே நுழையும் வழியில், சுருள்களுக்கு நடுவே, சைக்ளோபியசோனிக் அமிலம் செருகிக்கொண்டிருந்தது. சுருள்கள் அசைய முடியாது, கால்சியம் ஏற முடியாது. இதே பம்பின் உடன்பிறப்புகள் இதயத்திலும் மூளையிலும் இருப்பதால் இந்த நச்சைத் தசை நோவு என்று மட்டும் நினைத்து விட்டுவிட முடியாது.

மாட்டுக்கு ஏன் கூடாது என்றால், இந்த நச்சைச் சுரக்கும் பூஞ்சைகளில் ஒன்று அஃப்ளடாக்சின் என்ற இன்னொரு நச்சையும் சுரக்கும். அது பால் வழியாகப் பிள்ளைகளுக்கு வந்து சேரும். பூசணம் பிடித்த நிலக்கடலைக்கும் இதே கதைதான், அதைச் செக்குக்கும் அனுப்பாதீர்கள்.

அடுத்த முறை மழை வந்தால் ஈரக் கதிரைக் குவித்து மட்டும் வைக்காதீர்கள், குவியல் உள்ளே சூடேறும். கொட்டகைக்குள்ளாவது தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிடுங்கள். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். பல்லில் கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடையணும். அப்புறம், சாக்கைப் பலகை மேல் வையுங்கள், சுவரில் சாய்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

இருக்கிற மூட்டையை ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். காட்டோரம் கொட்ட வேண்டாம். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் வரகு மேய்ந்த 10 யானைகள் செத்துப்போயின. அவற்றின் உடலில் கிடைத்தது இதே அமிலம். நம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ராகிக் கொல்லைக்கு யானை இறங்குகிற ஊர்களில் இதைப் படிப்பவர்களும் கெட்டுப்போன தானியத்தை அப்படியே புதைத்துவிடுங்கள்.