ராஜா வேணாம்னு ஒரே நாள்ல முடிவாச்சா?

கேள்வி: அமெரிக்காவுல 13 காலனியும் வரிக் கோபத்துல தான் பிரிட்டிஷ் ராஜாவை உதறுனாங்களா சார்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: வரி தான் ஆரம்பம், ஆனா அது மட்டும் இல்லங்க. 1765ல ஸ்டாம்ப் வரி வந்தப்ப கோபமெல்லாம் பிரிட்டிஷ் பார்லிமென்ட் மேல தான், ராஜா மூணாம் ஜார்ஜ் நல்லவரு, சுத்தி இருக்குற மந்திரிங்க தான் மோசம்னு ரொம்ப பேரு நம்பிட்டு இருந்தாங்க (எல்லா ஊர்லயும் சொல்ற டயலாக் தான்). 1775 ஏப்ரல்ல லெக்சிங்டன்ங்குற ஊர்ல பிரிட்டிஷ் படையோட சண்டை வெடிச்ச பிறகும் பாருங்க, ஜூலைல ராஜாவுக்கு சமாதான மனு அனுப்புறாங்க, அவரு அதை ஏத்துக்கவே இல்ல, ஆகஸ்ட்ல கலகக்காரங்கன்னு அறிவிச்சிட்டாரு, போதாததுக்கு ஜெர்மன் கூலிப்படை வேற. அங்க தான் மனசு விட்டுப்போச்சு.

அதனால காலனிக்காரங்க சார்பா தாமஸ் ஜெபர்சன் எழுதுன சுதந்திரப் பிரகடனத்துல ராஜா மேல நீளமா ஒரு சார்ஜ்ஷீட்டே இருக்கு, வரி விஷயம் அதுல ஒரே ஒரு லைன் தான், பார்லிமென்ட்ங்குற பேரே கிடையாது!

பிரிஞ்சு போறதுக்கு காலனிகளோட ஓட்டெடுப்பு 1776 ஜூலை 2, பிரகடன வாசகத்துக்கு ஒப்புதல் 4ஆம் தேதி. நியூயார்க் ஓட்டே போடல, 9ஆம் தேதி தான் சரின்னுச்சு. அன்னைக்கே நியூயார்க் நகரத்துல ராஜாவோட ஈயச் சிலையை இழுத்துத் தள்ளிட்டாங்க, அதை உருக்கி துப்பாக்கிக் குண்டு பண்ணாங்க.