தேம்ஸ் அம்மாவின் பிள்ளைகளும் எங்கள் வாவியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, நான் தம்பிலுவிலில் இருந்து எழுதுகிறேன். பாடசாலை ஆசிரியை. லண்டனில் இருக்கிற மச்சாள் ஒருமுறை லீவில் வந்தபோது ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ என்ற ஆங்கில நாவலை வாசித்து முடித்துவிட்டு எங்கள் வீட்டிலேயே விட்டுப் போனாள். அதை எடுத்தவள்தான், அந்தத் தொடரை விட முடியவில்லை. ‘ஸ்டோன் அண்ட் ஸ்கை’ வரை வாசித்துவிட்டு, முதலாம் புத்தகத்தில் இருந்து மறுகா தொடங்கியிருக்கிறேன். “கலியாணம் முடிச்ச புள்ள, பேய்க்கதையோட திரியிறா” என்று வீட்டில் ஏச்சு. ஸ்டாஃப் ரூமில் பேசுவதற்கும் ஆள் இல்லை. அப்படி அதில் என்னதான் இருக்கு என்று கேட்கிறார்கள். எனக்கு ஒழுங்காகச் சொல்ல வருவதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் கிடைத்த நாள் எனக்கு நல்ல நாள். நான் நூலகத்தில் வேலை செய்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்றுக் கல்லடியில் இருக்கிற இப்போதும் சரி, இந்தத் தொடரைப் பற்றி வாய் நிறையப் பேச ஓர் ஆளைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

தெரியாத வாசகர்களுக்கு முதலில் ஒரு சின்ன அறிமுகம். எழுதுபவர் பென் ஆரோனொவிச். 1980களின் கடைசியில் பி.பி.சி.யின் ‘டொக்டர் ஹூ’ நாடகத்துக்குக் கதை எழுதியவர், பிறகு லண்டனில் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்தவர். தொடரின் முதல் நாவல் 2011இல் வந்தது, பத்தாவது 2025இல். இடையிடையே குறுநாவல்கள், ஒரு சிறுகதைத் தொகுதி, கொமிக்ஸ். கதை சொல்பவன் பீட்டர் கிராண்ட், லண்டன் பொலிஸில் ஓர் இளம் கொன்ஸ்டபிள். தாய் சியரா லியோனில் இருந்து வந்து துப்புரவு வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவள், தகப்பன் ஜாஸ் இசைக்காரர்.

முதல் புத்தகத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஜனவரிக் குளிரில், நடுச்சாமம் தாண்டிய நேரம், கோவென்ட் கார்டன் தேவாலயத்துக்கு முன்னால் ஒரு கொலை நடந்த இடத்துக்குப் பீட்டர் காவல் நிற்கிறான். ஓர் ஆள் வந்து, நடந்ததைத் தான் கண்டதாகச் சொல்கிறார். பீட்டர் கொப்பியை எடுத்து வாக்குமூலம் எழுதத் தொடங்குகிறான். அந்த ஆள் செத்துப் பல காலம் ஆகிவிட்டது என்பது பிறகுதான் தெரிகிறது. அதற்காக அவன் பயந்து ஓடவில்லை. சாட்சி சாட்சிதானே, மேலதிகாரிக்கு இதை எப்படி அறிக்கையாக எழுதுவது என்றுதான் யோசிக்கிறான். நான் இந்தத் தொடருக்கு அடிமையானது அந்த இடத்தில்தான். கச்சேரிக்கும் கந்தோருக்கும் அலைந்து, படிவம் நிரப்பி, கையொப்பத்துக்குக் காத்திருந்தே வாழ்க்கை நடத்தும் சனத்துக்கு இந்த ஆவி உடனே நம்பக்கூடியதாகிவிடுகிறது. ஏனென்றால் அதைப் பற்றியும் ஒரு ஃபைல் திறக்கிறார்கள்.

மந்திரத்துக்கும் அப்படியே கட்டுப்பாடு இருக்கிறது. இங்கிலாந்தில் அதை ஒழுங்குபடுத்தி எழுதிவைத்தவர் ஐசக் நியூட்டன் என்று கதை போகிறது. பீட்டரைச் சீடனாக எடுத்து மந்திரம் படிப்பிக்கிற பொலிஸ் அதிகாரி நைட்டிங்கேல் அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது உள்ளங்கையில் ஒரு சின்ன வெளிச்ச உருண்டையை வரவழைக்க. அதற்கே வாரக்கணக்கில் சாதகம் செய்கிறான். அது கைகூடிய பிறகு பார்த்தால் அவனுடைய கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. கழற்றிப் பார்க்கிறான், உள்ளே இருந்த சிப் மணலாக உதிர்ந்து கிடக்கிறது. வேறு ஒருவன் என்றால் போனைத் தூக்கி எறிந்திருப்பான். பீட்டர் ஏன் இப்படி ஆனது என்று பரிசோதனை செய்து பார்க்கிறான், பிறகு பற்றரியைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் பூட்டிக்கொள்கிறான். தங்கச்சி, நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவரோ தெரியாது. அப்படியென்றால் அந்தப் பக்கங்களை வகுப்பிலேயே வாசித்துக் காட்டலாம். ஒன்றைக் கவனித்து, சந்தேகப்பட்டு, திரும்பச் செய்து பார்ப்பது எப்படி என்று அவ்வளவு அழகாக வருகிறது.

இனி ஆறுகளுக்கு வருவோம். உங்களைப் பிடித்து வைத்திருப்பது அவைதான் என்று நினைக்கிறேன், என்னையும்தான். தேம்ஸ் நதிக்கு இரண்டு அதிபதிகள். மேல்நதியை ஆளும் கிழவர் ஒருவர், கடல்நீர் ஏறி இறங்கும் கீழ்நதியை ஆளும் அம்மா ஒருத்தி. அந்த அம்மா நைஜீரியாவில் இருந்து தாதி வேலை படிக்க வந்து, மனமுடைந்து ஆற்றில் குதித்த பெண். ஆறு அவளை விழுங்காமல் தனக்கே எசமாட்டி ஆக்கிக்கொண்டது. லண்டனின் கிளையாறுகள் அவளுடைய பெண்பிள்ளைகள். டைபர்ன், ஃப்ளீட், எஃப்ரா என்று இன்றைக்கு வீதிக்குக் கீழே குழாயிலும் சாக்கடையிலும் ஓடுகிற ஆறுகளுக்குக்கூட ஆள் உண்டு, குணம் உண்டு, கோபம் உண்டு. 1858 கோடையில் தேம்ஸ் நாறிப்போய்ப் பாராளுமன்றத்தையே திணறடித்தது உண்மையான வரலாறு. கிழவர் நகரத்தைக் கைவிட்டு மேலே போனது அப்போதுதான் என்று நாவலில் வருகிறது. ஆறு செத்தால் அதன் தெய்வமும் சாகும் என்ற கணக்கை இவர் வரலாற்றோடு சேர்த்து முடிந்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்த அம்மாவின் வீட்டுக்குப் பீட்டர் முதல் தரம் போகும் இடம் ஞாபகம் இருக்கிறதா? தேத்தண்ணி வருகிறது, பிஸ்கட் வருகிறது. அவன் தொடவில்லை. அங்கே ஒரு வாய் சாப்பிட்டாலும் கடன்பட்டவன் ஆகிவிடுவான், அவர்கள் சொன்னதைக் கேட்க வேண்டிவரும். இதை ஓர் ஆங்கில வாசகர் புதுமை என்று நினைக்கலாம். “மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள்” என்று யாழ்ப்பாணத்தார் சொல்வதைச் சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதில் புதுமை ஏது? அன்னமிடுவதில் ஒரு பிடி இருக்கிறது, உபசரிப்பில் ஓர் அதிகாரம் இருக்கிறது என்பது எங்கள் ஊர் ஆட்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லாத சங்கதி.

உங்கள் ஊரையே எடுங்கள். வைகாசியில் தம்பிலுவில் கண்ணகை அம்மன் கோயிலில் திருக்கதவு திறந்து, சடங்கு நடந்து, கடைசியில் குளிர்த்தி பாடுவார்கள். மதுரையை எரித்து வந்த அம்மாளின் கோபத்தைப் பாடிக் குளிர்விக்கிறோம், அவள் குளிர்ந்தால் மழை வரும், நோய் தணியும் என்று நம்புகிறோம். அந்தச் சடங்குக்கு ஒரு பத்ததி இருக்கிறது, யார் எதைச் செய்யலாம் என்ற முறை இருக்கிறது, சுற்றிவரப் பரிவார தெய்வங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. வைரவருக்கு வைக்க வேண்டியதைக் காளிக்கு வைக்க ஏலாது. இதெல்லாம் தெரிந்த ஒருத்தி, ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு முறை, ஒரு மரியாதை, ஒரு எல்லை என்று எழுதப்பட்ட கதையை எடுத்தால் அது அவளைப் பிடிக்காமல் விடுமா? உங்கள் வீட்டாரிடம் சொல்லுங்கள்: நீங்கள் வாசிப்பது ஊர்க்கதை. ஊர் லண்டன், அவ்வளவுதான்.

தொடர் நீண்டதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம் உண்டு. முதல் புத்தகத்தில் ஒன்றும் தெரியாமல் நின்ற பெடியன் பத்தாவதில் பொறுப்புள்ள குடும்பஸ்தன். நடுவில் எல்லாப் புத்தகமும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ‘ஃபோல்ஸ் வேல்யூ’ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நகரத்தை விட்டு ஹெரிஃபோர்ட்ஷயர் கிராமப் பக்கம் போகும் ‘ஃபொக்ஸ்குளவ் சமர்’ என்றால் எத்தனை தரமும் வாசிப்பேன். உங்களுக்கு எது மிகவும் பிடித்தது என்று எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

கேள்வி: இந்தத் தொடரை எந்த ஒழுங்கில் வாசிக்க வேண்டும்? நடுவில் ஒன்றை எடுத்தால் விளங்குமா? (கல்முனை வாசகர்)

பதில்: நாவல்களை வெளிவந்த ஒழுங்கில் வாசியுங்கள், வேறு வழி வேண்டாம். நான்காவதின் முடிவில் நடப்பது அடுத்த புத்தகங்கள் முழுவதும் வலிக்கும். அந்த வலி வர முதல் மூன்றும் தேவை. குறுநாவல்கள் வேறு. ஜெர்மனியின் ட்ரியர் நகரில் நடக்கும் ‘தி ஒக்டோபர் மேன்’ தனியாகவே நிற்கும். பீட்டரின் சொந்தக்காரப் பிள்ளை அபிகெயில், பேசும் நரிகளோடு துப்பறியும் ‘வட் அபிகெயில் டிட் தட் சமர்’ பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அருமையான தொடக்கம்.

கேள்வி: என் மகன் உயர்தரம் படிக்கிறான். கதை கேட்க ஆசை, ஆனால் ஆங்கிலத்தில் தடித்த புத்தகம் என்றால் பின்வாங்குகிறான். (வாழைச்சேனைத் தாய்)

பதில்: ஒலிப்புத்தகமாகக் கேட்கச் சொல்லுங்கள். கோப்னா ஹோல்ட்புரூக்-ஸ்மித் என்ற நடிகர் வாசிக்கிறார். தேம்ஸ் அம்மாவுக்கு ஒரு குரல், நைட்டிங்கேலுக்கு ஒரு குரல், பீட்டரின் தாய்க்கு ஒரு குரல் என்று ஒரே ஆளே ஒரு நகரத்தை வாயில் வைத்திருக்கிறார். நான் பின்னேரத்தில் இறால் உரித்துக்கொண்டே கேட்பேன். புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் மகனுக்கு வாசிப்பும் தானாக வரும். கொமிக்ஸும் உண்டு, முதலாவது ‘பொடி வேர்க்’. ஆனால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிக்காகோ மந்திரவாதி ஹாரி டிரெஸ்டனின் தொடர்தான் இந்த வகையில் மூத்தது. அதைப் பற்றி ஏன் எழுதுவதில்லை? (ஏறாவூர் வாசகர்)

பதில்: மூத்ததுதான். ஜிம் புட்சர் எழுதிய அதன் முதல் நாவல் 2000இல் வந்தது. வேகம் வேண்டும், சண்டை வேண்டும் என்பவர்களுக்கு அதைத்தான் கொடுப்பேன். எனக்கு ஆற்றங்கரைதான் சரிவரும்.

கேள்வி: எங்கள் மட்டக்களப்பு வாவியை வைத்து இப்படி ஒரு கதை எழுத ஆசை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பாடும் மீனில் தொடங்கலாமா? (வவுணதீவு வாசகர்)

பதில்: தம்பி, கட்டாயம் எழுதுங்கள். ஆனால் பாடும் மீனில் தொடங்காதீர்கள். இரவில் வாவிக்குள் இருந்து கேட்கும் ஓசையை மீன் பாடுகிறது என்று சொல்லும் அந்தக் கதையை எல்லோரும் தொட்டுவிட்டார்கள். பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனண்ட் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார், புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அருட்தந்தை லாங் ஒலிப்பதிவே செய்தார். யாழ்நூல் தந்த எங்கள் விபுலாநந்த அடிகள், நீருக்குள் பாடுவோர் நீரரமகளிர் என்று கற்பனை செய்து ஓர் இன்னிசைப் பாடலே ஆக்கிவைத்தார். பூரணை இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது உங்கள் கதையில் வரட்டும், ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் வரட்டும். அதுவரை வாசகர் காத்திருக்கட்டும்.

தொடக்கத்துக்கு ஆற்றுவாயை எடுங்கள். மாரியில் வாவி நிரம்பும்போது முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு விடுவதா, கொஞ்சம் பொறுப்பதா என்ற பிரச்சினை உங்களுக்குத் தெரியாததல்ல. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வயல் மூழ்கி நிற்பவருக்கு உடனே வெட்ட வேண்டும். வாவியில் வலை போடுபவருக்கு உப்புத்தண்ணீர் எப்போது ஏறும், இறால் என்னாகும் என்ற யோசனை. இரண்டு பக்கமும் நியாயம். அந்த மணல் திட்டுக்கு ஒரு பக்கம் கடல்நாச்சி அம்மன், மறுபக்கம் வாவிக்குச் சொந்தக்காரி ஒருத்தி. இரண்டு பேருக்கும் நடுவில், மண்வெட்டிக்காரரையும் இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு, மேலிடத்துக் கடிதத்துக்குக் காத்து நிற்கிற ஓர் இளம் உத்தியோகத்தர். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

இன்னொன்று. இடங்களைச் சரியாக எழுதுங்கள். ஆரோனொவிச் ஒரு சந்தில் திரும்பினால் அந்தச் சந்து அங்கே இருக்கும், அதனால்தான் அங்கே நிற்கும் ஆவியையும் நம்புகிறோம். கல்லடியில் 1924இல் திறந்த பழைய பாலமும் நிற்கிறது, 2013இல் திறந்த புதுப் பாலமும் நிற்கிறது. உங்கள் ஆள் எந்தப் பாலத்தால் போகிறார், எத்தனை மணிக்குப் போகிறார், அந்த நேரம் காற்று எந்தப் பக்கம் என்று போய் நின்று பார்த்து எழுதுங்கள். தெய்வங்களைப் பற்றி எழுதும்போது அந்தந்தக் கோயிலில் பூசை செய்யும் கப்புகனார், கட்டாடியார், நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் ஆகியோரிடம் கேட்டு, அவர்கள் வெளியே சொல்ல வேண்டாம் என்பதை எழுதாமல் விடுங்கள். எழுதக்கூடியதே ஏராளம் இருக்கிறது.

முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், ஓரத்தில் நான் குறிப்பு எழுத இடம் விடுங்கள். தம்பிலுவில் தங்கச்சிக்கும் ஒரு பிரதி போகட்டும்.