பச்சை தெரியாத தோட்டம்

அன்புள்ள ஐயா,

ஜப்பானியத் தோட்டங்களின் பழைய புகைப்படங்கள் சிலவற்றை இணையத்தில் பார்த்தேன். 1870, 80களில் எடுத்தவையாம். குளத்தில் ஓர் அலை இல்லை. ஜென் அமைதி என்பது இதுதானா? ஆனால் மேலே பூசிய வண்ணம் காலண்டர் படம் போல உறுத்துகிறது. எதை நம்புவது?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

அந்த அமைதியில் பாதி கொலோடியன் என்ற அன்றைய ஈரத் தகட்டு முறை கொடுத்தது. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியும் ஆக வேண்டும். இருட்டுக் கூடாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். லென்ஸ் மூடியைக் கழற்றினால் பல நொடிகள் திறந்தே இருக்கும். அதற்குள் எழுந்த சிற்றலைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தண்ணீர் பாலாடை போல ஆகிவிடும். கிளை நுனிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், காற்றடித்த நாளென்றால் அங்கே கலங்கியிருக்கும்.

வண்ணம் உறுத்துவது சரிதான். ஆனால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்தத் தகட்டுக்கு நீலமும் ஊதாவும்தான் நன்றாகத் தெரியும். பச்சை ஏறக்குறையக் கறுப்பாக விழும். பாசியையும் பைன் மரத்தையும் நம்பி அமைத்த தோட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! டோக்கியோவின் ஹொரிகிரி ஐரிஸ் தோட்டம் அன்றைய ஸ்டுடியோக்களுக்கு நல்ல விற்பனைச் சரக்கு. அங்கே ஊதாப் பூக்கள் வெளுத்து விழுந்து வெள்ளைப் பூக்களோடு கலந்துவிடும். எது ஊதா என்று முடிவு செய்தவர் யோகோஹாமாவில் தூரிகையோடு உட்கார்ந்திருந்த ஓவியர். அவர் அந்தத் தோட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 1863இல் யோகோஹாமா வந்த பெலிச்சே பியாட்டோ முதல் குசாகபே கிம்பெய் வரை அங்கே ஸ்டுடியோ நடத்திய புகைப்படக்காரர்களுக்கு இதுதான் வியாபாரம். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகள். அரக்கு அட்டை போட்ட ஆல்பமாகக் கப்பலேறிப் போயிற்று.

எனக்குப் பிடித்தவை ஒகாவா கசுமாசாவின் படங்கள். புகைப்படத்தை மையால் அச்சிடும் கொலோடைப் முறையைப் பாஸ்டனில் கற்றுத் திரும்பியவர். ஜோசையா காண்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜப்பானியத் தோட்டக்கலை பற்றி 1893இல் எழுதிய நூலின் துணைத் தொகுதியில் இருப்பவை ஒகாவாவின் படங்கள்தான். பச்சை அங்கேயும் இல்லை. ஆனால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அத்தனை சாம்பல்கள், கல்லின் சொரசொரப்பு விரலில் படுகிற மாதிரி.

அப்புறம், 1868இன் மெய்ஜி ஆட்சி மாற்றத்துக்குப் பின் டோக்கியோவில் பிரபுக்களின் மாளிகை நிலங்கள் பல கைமாறின. சிலவற்றில் முசுக்கட்டையும் தேயிலையும்கூட நட்டார்கள். படத்தில் மட்டும் மிஞ்சிய தோட்டங்களும் இருக்கலாம். ஆகவே இந்தப் படங்களை அலட்சியமாகப் புரட்ட மனம் வருவதில்லை.

வண்ணப் படம் ஒன்றின் இரண்டு பிரதிகள் எங்காவது கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பாலம், ஒரே பெண், கிமோனோ மட்டும் வேறு நிறத்தில் இருக்கக்கூடும்.