கத்தியவர்களுக்கு இடம் கிடைத்தது

அன்புள்ள ஐயா,

ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்காக நானும் மனைவியும் தில்லி போயிருந்தோம். கோவை திரும்பவேண்டிய மாலை விமானம் பனிமூட்டத்தால் தள்ளிக்கொண்டே போனது. ‘ஒரு மணி நேரம் தாமதம்’, ‘இன்னும் ஒரு மணி நேரம்’ என்று சொல்லிச் சொல்லி, நள்ளிரவு நெருங்கும்போது ரத்து என்றார்கள். மொத்த விமானத்துக்கும் இரண்டே கவுன்டர். பத்துப் பேர் போய் மேசையைத் தட்டிக் கத்தினார்கள், மொபைலில் படம் பிடித்தார்கள். ஒருவர் அங்கிருந்த பெண்ணிடம் ‘நீ என்ன படிச்சிருக்கே’ என்று இந்தியில் கேட்டார். அந்தப் பெண் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. என் முறை வந்தபோது ‘கொஞ்சம் பாருங்கம்மா’ என்று மட்டும் கேட்டேன். கத்தியவர்களுக்கு மறுநாள் காலை விமானத்தில் இடம் கிடைத்தது. எங்களுக்கு மறுநாள் இரவுதான். மனைவிக்கு முழங்கால் வலி வேறு. ‘மரியாதை மரியாதைன்னு நின்னீங்களே, நமக்கு என்ன கிடைச்சுது? வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்’ என்று இன்றுவரை சொல்கிறார். நிதானமாக இருப்பவன் ஏமாளிதானா?

கே.எஸ்., கோவை

*

அன்புள்ள கே.எஸ்.,

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், கத்துகிறவர்களுக்குச் சில நேரம் இடம் கிடைக்கத்தான் செய்கிறது. அதை மறைத்துவிட்டு ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. ஆனால் அந்த இடம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். காலை விமானத்தில் காலியாக இருந்தது சில சீட்டுகள்தான். மேசையைத் தட்டியவர்கள் அவற்றை எடுத்துக்கொண்டபோது விமான நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. நஷ்டம் உங்கள் மனைவியைப் போல வலியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு. நிறுவனத்தைத் தட்டிக்கேட்கிறோம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அடி விழுந்தது அந்தப் பெண்ணின் மேலும், வரிசையில் பின்னால் நின்றவர்கள் மேலும்தான்.

அந்தப் பெண்ணின் கையில் என்ன இருந்தது என்பதையும் யோசிக்கவேண்டும். ஓடுபாதையில் 50 மீட்டர் தூரம் தெரிந்தாலே இறங்க உதவும் ‘கேட் 3பி’ (CAT IIIB) என்ற தரையிறங்கும் வசதி தில்லியில் இருக்கிறது. ஆனால் விமானமும் அதற்குத் தகுதியானதாக இருக்கவேண்டும், விமானிகளும் அதற்கென்று பயிற்சி பெற்றிருக்கவேண்டும். கிளம்புவதற்கோ அதைவிட அதிகமாக, 125 மீட்டராவது தெரியவேண்டும். அப்புறம், நீங்கள் ஏறவேண்டிய விமானம் காலையிலிருந்து நாலைந்து ஊர் சுற்றிவிட்டுத் தில்லிக்கு வருவது. எங்கோ ஓரிடத்தில் பனியில் மாட்டினால் அன்றைய மிச்சப் பயணங்கள் எல்லாமே தள்ளிப்போகும். இதற்குள் விமானிகளின் பணிநேரம் முடிந்துவிட்டால் அவர்கள் ஓட்டவே கூடாது. சட்டம் அப்படி. களைத்துப்போன விமானி நம்மை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம் அது. இந்த முடிவுகளெல்லாம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எடுக்கப்படுகின்றன. கவுன்டரில் இருப்பவருக்குத் திரையில் வருவதுதான் தெரியும். பல இடங்களில் அவர் அந்த விமான நிறுவனத்தின் ஊழியர்கூட இல்லை, ஒப்பந்த நிறுவனத்தின் ஆள்.

2024 ஜனவரியில் இதே தில்லியில், பனிமூட்டத்தால் பல மணி நேரம் தாமதமான ஒரு விமானத்துக்குள் தாமதத்தை அறிவித்துக்கொண்டிருந்த விமானியை ஒரு பயணி பாய்ந்து வந்து அடித்தார். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது. கெட்ட செய்தியை நேரில் வந்து சொல்கிற மனிதரே அடி வாங்குகிறார் என்றால், அடுத்த முறை யார் வந்து சொல்வார்கள்?

வேறொரு நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையில் தண்ணீர் நின்று, மறுநாள் காலை வரை விமானங்கள் நிறுத்தப்பட்டன. நான் மதுரை விமான நிலையத்தில் இருந்தேன். கவுன்டரைச் சுற்றி ஒரே கூட்டம், ஆளாளுக்கு ஆங்கிலத்தில் சண்டை. ஓரமாக ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவர், பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். சென்னை போய் அங்கிருந்து குவைத் விமானம் பிடிக்கவேண்டும். ஏஜென்ட் இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்துக் கொடுத்திருந்தார். ஒரே பி.என்.ஆர். என்றால் முதல் விமானம் போகாதபோது அடுத்ததற்கு வழிசெய்வது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் கேட்க நாதியில்லை. வேலையே போய்விடும் என்ற பயத்தில் அவருக்கு வாயே திறக்கவில்லை.

வரிசையில் முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர், டீச்சராக இருந்திருப்பார் என்று பேச்சிலேயே தெரிந்தது, திரும்பிச் சொன்னார்: ‘கொஞ்சம் வழி விடுங்கப்பா. இந்தத் தம்பி காலைலேர்ந்து நிக்கிறாரு, முதல்ல அவரைப் பாக்கட்டும்.’ கூட்டம் விலகியது. கவுன்டரில் இருந்த பெண் அந்த ஃபைலை வாங்கிப் பார்த்தார். அவருடைய கம்ப்யூட்டரில் வேறு நிறுவனத்தின் விவரம் வராது. தன் சொந்த மொபைலை எடுத்துத் தேடினார். ‘அண்ணா, சென்னைலேர்ந்து எதுவுமே கிளம்பல. உங்க குவைத் ஃப்ளைட்டும் போகல, நீங்க மிஸ் பண்ணல. ஏஜென்டுக்கு இப்பவே போன் பண்ணித் தேதி மாத்தச் சொல்லுங்க. நோ-ஷோன்னு, அதாவது நீங்க வரவே இல்லைன்னு, போட விட்றாதீங்க.’ ஏஜென்டிடம் என்ன கேட்கவேண்டும் என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். அவருடைய வேலையில் சேராத உதவி இது. சுற்றிலும் இரண்டு நிமிடம் சத்தம் அடங்கியதால்தான் அந்தப் பெண்ணுக்கு யோசிக்கவே முடிந்தது என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி சரி. வாய் வேண்டும்தான். ‘கொஞ்சம் பாருங்கம்மா’ என்று நீங்கள் கேட்டதில் மரியாதை இருந்தது, ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது இல்லை. நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கிற ஒருவர், தில்லி-கோவை என்று தட்டிப் பார்ப்பார். அடுத்து இடம் இருப்பது நாளை இரவு என்று வந்தால் அதைக் கொடுத்துவிடுவார். அங்கே இப்படிக் கேட்டிருக்கலாம்: ‘என் மனைவிக்கு முழங்கால் வலி, ராத்திரி உட்கார முடியாது. கோவைதான் வேண்டும் என்றில்லை. கொச்சி, பெங்களூர், சென்னை எதில் காலையில் இரண்டு இடம் இருந்தாலும் போதும், அங்கிருந்து ரயிலில் போய்க்கொள்கிறோம்.’ குரலை உயர்த்தவே வேண்டாம். இப்படிச் சொன்னால் அவருக்குத் தேட நாலு வழி கிடைக்கிறது. வரிசையில் நிற்கும்போதே ஒருவர் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போடலாம், செயலியில் மாற்றிப் பார்க்கலாம். சக்கர நாற்காலி கேட்கலாம். கொடுத்த பெட்டி எந்த பெல்ட்டில் திரும்ப வரும் என்று மறக்காமல் கேட்கவேண்டும், கோபத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

உரிமைகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பதற்றம் அங்கேயே போய்விடும். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, பனிமூட்டம், புயல் போன்ற நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு நஷ்டஈடு கிடையாது. அதைக் கேட்டு கவுன்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் விமானம் ரத்தானால் மாற்று விமானமா, முழுப் பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எந்தக் காரணத்தாலும் போகாது. அதை அமைதியாக, எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள். ‘ரத்து’ என்பதை எஸ்.எம்.எஸ்.ஸாகவோ மின்னஞ்சலாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு, தங்கும் செலவு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அன்று நடந்ததை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். இரண்டே கவுன்டர் வைத்தது, டோக்கன் கொடுக்காதது, முதியவர்களையும் உடம்பு முடியாதவர்களையும் தனியாகக் கூப்பிடாதது, சத்தம் போட்டவர்களுக்கு முதலில் இடம் ஒதுக்கியது. இவையெல்லாம் நிறுவனத்தின் தவறுகள். கோபப்படவேண்டிய இடம் இதுதான், நானும் உங்களோடு சேர்ந்து கோபப்படுகிறேன். கத்தினால்தான் வேலை நடக்கும் என்று பயணிகளுக்குப் பழக்கியது இந்த மாதிரி ஏற்பாடுகள்தான். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குத் தேதி, விமான எண், பி.என்.ஆர். எல்லாம் போட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ‘ஏர்சேவா’ தளத்தில் பதிவு செய்யலாம், அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

எழுதும்போது அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அதையும் ஒரு வரி எழுதுங்கள். அவரைத் திட்டியவர்களின் வீடியோ நிர்வாகத்துக்குப் போயிருக்கும். உங்கள் கடிதமும் போகட்டும்.

அன்புடன்.