கத்துறதுக்கும் காசு போறதுக்கும் நடுவுல

வாசகர் கடிதம்:

வணக்கம் அக்கா. ரொம்ப நாளா உங்களை வாசிக்கிறேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன். சிங்கப்பூர்ல, ஈசூன்ல இருக்கோம், பையனுக்கு 15 வயசு. ஃபுட்பால்னா உயிருங்கிறான், ஆனா அவன் ஒரு மேட்ச் முழுசா உக்காந்து பாத்து நான் பாத்ததில்ல. எல்லாம் போன்லதான், முப்பது செகண்ட் கிளிப்பு, கோல் மட்டும், அப்புறம் அந்த ஆட்டக்காரர் என்ன ஷூ போட்டாரு, என்ன கார் வச்சிருக்காருன்னு. போன மாசம் கார்டு பில்லுல 186 வெள்ளி. கேட்டா போன் கேம்ல தன் டீமுக்கு ஆட்டக்காரரை எடுக்குற 'பேக்' வாங்குனேங்கிறான். இதுல டெலிகிராம்ல இன்னிக்கி யாரு ஜெயிப்பான்னு 'டிப்ஸ்' அனுப்புற குரூப்பு ஒண்ணுலயும் இருக்கான். எங்கப்பா காலத்துல ரசிகன்னா காலாங் ஸ்டேடியம் போயி தொண்டை கட்டுற வரைக்கும் கத்துறவன். இதெல்லாம் ரசனையாக்கா, இல்ல வெறும் யாவாரமா? போனை புடுங்கி வச்சிடலாமான்னு இருக்கு.

ஒரு வாசகர்

பதில்:

தம்பி, போனை புடுங்காதீங்க. அதை முதல்ல சொல்லிடுறேன், மத்தது அப்புறம்.

நானும் எங்கப்பா கையை புடிச்சிக்கிட்டு காலாங் போனவதான். வாசல்ல காகிதத்தை கூம்பா சுருட்டி கச்சாங் பூத்தே, அதான் வறுத்த கடலை, போட்டு குடுப்பாங்க, அது சூடு ஆறுறதுக்குள்ள உள்ள போயி எடம் புடிக்கணும், அந்த பழைய ஸ்டேடியத்துல மரப்பலகை உக்காருற எடம், 55,000 பேரு காலால அதுல ஒண்ணா தட்டுனா நெஞ்சுக்குள்ள அதிரும், அந்த அதிர்வு இன்னிக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. 1993-ல புருணைக்கு எதிரா நம்ம சுந்தரமூர்த்தி பைசிக்கிள் கிக் அடிச்சாரே, அதை பத்தி வாரக்கணக்கா பேசுனோம், ஆபீஸ்ல பேசுனோம், காப்பிக்கடையில பேசுனோம். ஆனா ஒண்ணு யோசிச்சு பாருங்க, அத்தனை ஆசை அவரு மேல இருந்தும் நான் செலவு பண்ணது என்ன? டிக்கெட்டு, பஸ்சு, ஒரு கூம்பு கச்சாங். அதுக்கு மேல குடுக்கணும்னு நெனச்சாலும் வழியில்ல. வீட்டுக்கு வந்து தூங்கி எந்திரிச்சா அந்த சூடு தணிஞ்சிடும், காசு பத்திரமா பையிலயே இருக்கும்.

போன் கொண்டு வந்த பெரிய மாத்தம் கிளிப்பு இல்ல தம்பி. கத்துறதுக்கும் காசு போறதுக்கும் நடுவுல இருந்த அந்த ஒரு ராத்திரியை அது எடுத்துடுச்சு. உங்க பையன் கதைய நான் அப்படித்தான் பாக்குறேன்.

ஹசான் சன்னி கதைய எடுத்துக்குங்க, இதுக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்கு தெரியல. 2024 ஜூன் 11, உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று, பேங்காக்ல தாய்லாந்து கூட நம்ம ஆட்டம். அதே நாள் சீனா தென்கொரியாகிட்ட 1-0 தோத்துடுச்சு, தாய்லாந்து நம்மளை மூணு கோல் வித்தியாசத்துல அடிச்சா சீனா வெளிய. நாம என்னமோ 3-1 தோத்தோம், ஆனா நம்ம கோல்கீப்பர் ஹசான், அப்ப 40 வயசு, 11 பந்தை தடுத்துட்டாரு, அதுல சீனா தப்பிச்சு அடுத்த சுற்றுக்கு போயிடுச்சு. அப்புறம் நடந்ததுதான் விஷயம். தெம்பனிஸ்ல அவருக்கு ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை இருக்குன்னு சீன ரசிகர்கள் போன்லயே கண்டுபுடிச்சாங்க, இங்க இருந்தவங்க நேரா போயி வரிசையில நின்னாங்க, யாரோ கடையில ஒட்டியிருந்த கியூஆர் கோடை படம் புடிச்சு போட்டுட்டாங்க, அவ்வளவுதான், ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் சோபாவுல உக்காந்திருந்தவங்க ஒரு தட்டு சோறு வாங்காமலே அந்த கடைக்கு காசு அனுப்ப ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள்ல போலி கியூஆர் படமும் சுத்த ஆரம்பிச்சுது. ஹசானே வெளிய வந்து, நன்றி சொல்லி, தயவுசெஞ்சு காசு அனுப்புறதை நிப்பாட்டுங்கன்னு கேட்டுக்கிட்டாரு.

எனக்கு இதுல ரெண்டும் தெரியுது. அந்த காசுல நூத்துக்கு நூறு அன்பு இருந்துச்சு, மொழி தெரியாத ஒரு ஆளுக்கு நன்றி சொல்ல ஒரு வழி கெடச்சுது, அது பெரிய விஷயம். அதே வழியில போலிக்காரனும் கொஞ்ச நாள்லயே வந்து நின்னுட்டான். ஹசான் மாதிரி போதும்னு சொல்ற ஆளு அபூர்வம். உங்க பையன் பேக் வாங்குன கேம் போதும்னு சொல்லவே சொல்லாது.

யாவாரமான்னு கேட்டீங்க. ஆமா, ரொம்ப பெரிய யாவாரம். 2022-ல ஐபிஎல் 2023-லேந்து அஞ்சு வருஷ உரிமைய ஏலம் விட்டாங்கள்ல, இந்தியாவுக்கான டிவி உரிமை 23,575 கோடி ரூபா, டிஜிட்டல் உரிமை 23,758 கோடி. போன் டிவியை முந்துன முதல் தடவை அதுதான். அடுத்த வருஷமே ஜியோசினிமாங்கிற ஆப்பு அதை இலவசமா காட்டுச்சு, தமிழ்ல கமெண்ட்ரி, போஜ்புரியில கமெண்ட்ரி, 2023 ஃபைனலை ஒரே நேரத்துல 3.2 கோடி பேரு பாத்தாங்க. அவ்வளவு காசு குடுத்து வாங்குனதை ஏன் சும்மா காட்டுனான்? டிவி விளம்பரம் எல்லாருக்கும் ஒண்ணு, போன் விளம்பரம் ஆளுக்கு ஒண்ணு, அதனாலதான். போன வாரம் நானும் மருமகனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து அவங்கவங்க போன்ல ஒரே ஹைலைட்ஸ் பாத்தோம், நடுவுல எனக்கு புடவைக் கடை வந்துச்சு, அவருக்கு வீட்டு ரெனவேஷன் வந்துச்சு, அவங்க புது வீட்டுக்கு சாவி வாங்கி ரெண்டு மாசம்தான் ஆச்சு. உங்க பையன் எந்த ஆட்டக்காரர் வந்தா கிளிப்பை ரெண்டு தடவ பாக்குறான்னு உங்களைவிட அந்த போனுக்கு நல்லா தெரியும்.

இதையெல்லாம் சொன்னாலும் போனை நான் வெறுக்கல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபேரர் பார்க் எம்ஆர்டி பக்கத்து புல்தரையில ஒரு தடவ பாத்தேன், தமிழ்நாட்டுலேந்து இங்க வேலைக்கு வந்த ஊழியர் ஒருத்தர், தண்ணி போத்தல்ல ரெண்டு போனை சாய்ச்சு வச்சிருக்காரு. ஒண்ணுல சிஎஸ்கே மேட்ச், ஊருல மூன்றரை மணி ஆட்டம், இங்க ஆறு மணி. இன்னொண்ணுல அவரு மகன், ஆறேழு வயசு இருக்கும், மஞ்சச் சட்டை. ரெண்டு பேரும் பேசிக்கல, பாத்துக்கிட்டு மட்டும் இருக்காங்க. திடீர்னு பையன் அந்தப் பக்கம் குதிக்கிறான், அப்பாவுக்கு இன்னும் பந்தே போடல. நம்ம சிக்னல் பின்னாடி ஓடுது. 'சொல்லிடாதடா, சொல்லிடாத'ன்னு இவரு காதை பொத்திக்கிட்டு சிரிக்கிறாரு. பையன் வாயை கையால மூடிக்கிட்டு காத்திருக்கான், அப்பா பாக்குற வரைக்கும். ரெண்டு வருஷமா மகனை தூக்காத ஒரு அப்பாவுக்கு அந்த போன் செஞ்சதை காலாங்ல 55,000 பேரு சேந்தும் செஞ்சிருக்க முடியாது.

2023 ஐபிஎல் ஃபைனலும் அப்படித்தான், மழையில மறுநாளைக்கு தள்ளிப்போயி, இங்க செவ்வாக்கிழமை விடியக்காலை நாலு மணி, கடைசி ரெண்டு பந்துல சிஎஸ்கேவுக்கு பத்து ரன் வேணும், நான் மூச்சை புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், ரெண்டு வீடு தள்ளி ஒரு கத்து, சென்னையில இருந்து அண்ணன் மகன் வாட்ஸ்அப்ல 'ஜட்டூ'ன்னு, அதான் ஜடேஜா, ஒரே வார்த்தை, என் போன்ல பவுலர் மோகித் சர்மா இன்னும் ஓடி வந்துக்கிட்டிருக்காரு. ஒரே மேட்ச்தான், ஆனா எல்லாரும் ஒரே நொடியில கத்துறது போயிடுச்சு. எனக்கு உண்மையிலயே வருத்தம் அதுலதான்.

இப்ப உங்க வீட்டுக்கு வர்றேன். 186 வெள்ளிக்கு, போன்ல சேத்து வச்சிருக்குற கார்டை எடுத்துடுங்க, ஒவ்வொரு தடவையும் அவன் உங்ககிட்ட வந்து கேட்டு நீங்க நம்பரை அடிக்கிற மாதிரி வைங்க. திட்ட வேணாம். கேக்க எந்திரிச்சு வர்ற அந்த நேரத்துலயே பாதி ஆசை அடங்கிடும்.

டிப்ஸ் குரூப்புதான் எனக்கு பயமா இருக்கு, அதை இன்னிக்கே பேசுங்க. இங்க விளையாட்டுக்கு பந்தயம் கட்ட சட்டப்படி இருக்குறது சிங்கப்பூர் பூல்ஸ் மட்டும்தான், ஆன்லைன் கணக்கு தொறக்க 21 வயசு ஆகணும். லைசென்ஸ் இல்லாத எடத்துல கட்டுனா கட்டுனவனுக்கே 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமே. டிப்ஸ் குடுக்குறவன் இலவசமா குடுக்குறான்னா கடைசியில ஒரு லிங்க்குல கொண்டு போயி விடுறதுக்குத்தான். இந்தியாவுலயும் இந்த ஆட்டம் எவ்வளவு தூரம் போச்சுன்னு பாருங்க, 2023-லேந்து தேசிய கிரிக்கெட் அணி சட்டையிலயே ட்ரீம்11-ங்கிற ஆன்லைன் கேம் கம்பெனி பேரு இருந்துச்சு, 2025 ஆகஸ்ட்ல காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேமை தடை பண்ணி சட்டம் வந்த பிறகுதான் அது போச்சு. சட்டையில இருக்குற பேரை நம்ம புள்ளைங்க தப்புன்னு எப்படி நெனைக்கும்?

கிளிப்பு பாக்குறதை பத்தி கவலைப்படாதீங்க. 2025 நவம்பர் 18, ஹாங்காங்ல நம்ம பசங்க ஒரு கோல் பின்தங்கி, திரும்பி வந்து 2-1 ஜெயிச்சு 2027 ஆசியக் கிண்ணத்துக்கு போனாங்களே, அதை எத்தனை பேரு போன்ல திரும்பத் திரும்ப பாத்து அழுதாங்க, நானும் அழுதேன், என் கிளிப்பு நாப்பது செகண்ட்தான்.

முடிஞ்சா ஒரு நாள் அவனை ஜாலான் புசார் ஸ்டேடியத்துக்கு கூட்டிட்டு போங்க. உள்ளூர் லீக் ஆட்டம், சின்ன மைதானம், ஆட்டக்காரர் கத்துறது காதுல விழும். போனை எடுத்துட்டு வரட்டும், படம் புடிக்கட்டும், அதை அவன் கூட்டாளிக்கு அனுப்பட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து உங்கப்பா கத்துன மாதிரி கத்துங்க. போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, அவனையே எழுதச் சொன்னா இன்னும் சந்தோசம்.

அன்புடன்,
அக்கா