வாசகர் கேள்வி – பதில்: பந்தயக் கார் பொறியியல் படிக்கலாமா?

மோட்டார் பந்தயப் பொறியியல் படிப்பு பற்றி வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படிக்கிறேன். ஃபார்முலா ஒன் அணியில் பொறியாளராக வேண்டும் என்பது என் ஆசை. இங்கிலாந்தில் ‘மோட்டார் ஸ்போர்ட் இன்ஜினியரிங்’ என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் இருக்கிறதாம். நேராக அதில் சேரலாமா, அல்லது இங்கே மெக்கானிக்கல் படித்துவிட்டுப் போகலாமா?
– மாணவர், திருநெல்வேலி

இங்கே மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல் படித்துவிட்டுப் போங்கள் என்பதே என் பதில். உங்கள் குடும்பத்துக்குப் பணம் ஒரு பொருட்டில்லை என்றாலும் இதையேதான் சொல்வேன்.

இங்கிலாந்தின் பெயர் இதில் அடிபடுவதற்குக் காரணம் இருக்கிறது. பிராக்லியில் மெர்சிடிஸ், மில்டன் கீன்ஸில் ரெட் புல், குரோவ் கிராமத்தில் வில்லியம்ஸ், என்ஸ்டனில் ஆல்பீன், சில்வர்ஸ்டனில் ஆஸ்டன் மார்ட்டின் என்று ஃபார்முலா ஒன் அணிகளில் பாதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய வட்டாரத்தில் இருக்கின்றன. மின்சாரக் கார்களுக்கான ஃபார்முலா ஈ பந்தயத்தில் 2014 முதல் ஓடும் மஹிந்திரா அணியின் பட்டறையும் அங்கேயே, பான்பரியில்தான் இருக்கிறது. அந்த அணிகளுக்கு ஆள் தயாரிக்கும் படிப்புகள் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ், கிரான்ஃபீல்டு போன்ற பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது இயல்பானது. ஆனால் ஃபார்முலா ஒன் வரலாற்றில் பெயர் பெற்ற வடிவமைப்பாளர்கள் என்ன படித்தார்கள் என்று பாருங்கள். ஏட்ரியன் நியூவி 1980இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் முடித்தவர். லோட்டஸ் அணியை நிறுவிய காலின் சாப்மன் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் படித்தவர். மெக்லாரனுக்குக் கார் வடிவமைத்த கார்டன் மரே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இயந்திரப் பொறியியல் பட்டயம் பெற்றவர். அணிகள் தேடுவது அடிப்படையில் ஆழம் உள்ளவரைத்தான் என்பதற்கு இவர்கள் சாட்சி.

அடிப்படை என்று எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். கார் வளைவில் திரும்பும்போது எடையின் ஒரு பகுதி உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. மொத்த எடை அதேதான்; ஆனால் காரின் மொத்தப் பிடிப்பு குறைந்துவிடுகிறது. ஏனென்றால் டயரின் மேல் பாரம் இரு மடங்கானால் அதன் பிடிப்பு இரு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே வெளிச் சக்கரத்துக்குக் கிடைக்கும் லாபம் உள்சக்கரத்துக்கு நேரும் நஷ்டத்தை ஈடு செய்வதில்லை. காரின் எடை தாழ்வாக இருந்தால் இப்படி மாறும் எடையும் குறையும்; பந்தயக் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி அமைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தப் பத்தியைப் படித்ததும் காகிதமும் பென்சிலும் எடுத்து, எவ்வளவு எடை மாறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க உங்களுக்குத் தோன்றினால் இந்தத் துறை உங்களுக்கானது. அந்தக் கணக்குக்கு வேண்டிய நிலையியலும் இயக்கவியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் ஆட்டோமொபைல் பிரிவில் கற்றுத் தரப்படுகின்றன. நல்ல மெக்கானிக்கல் துறை உள்ள எந்தக் கல்லூரியிலும் கிடைக்கும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே மாணவர் பந்தயக் கார் அணி இயங்குகிறதா என்று மட்டும் அவசியம் விசாரியுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: என் மகள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் கார் கட்டும் அணியில் சேர்ந்த பிறகு இரவு பதினோரு மணி வரை பட்டறையில் இருக்கிறாள். ஒரு பாடத்தில் அரியர் விழுந்துவிட்டது. இதெல்லாம் பெண் பிள்ளைக்கு உதவுமா? நிறுத்திவிடச் சொல்லலாமா?
– ஒரு தாய், கரூர்

நிறுத்தச் சொல்லாதீர்கள், அம்மா. அரியரை அடுத்த தேர்விலேயே எழுதி முடிக்கச் சொல்லுங்கள். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உங்கள் மகள் ஈடுபட்டிருப்பது ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டி என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் 1981இல் ஃபார்முலா எஸ்.ஏ.இ. என்ற பெயரில் தொடங்கிய இந்த முறை 1998இல் இங்கிலாந்துக்கு வந்தது. நம் நாட்டின் ஃபார்முலா பாரத் போட்டி கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்து வருகிறது. மாணவர்களே ஒற்றை இருக்கைக் கார் ஒன்றை வடிவமைத்து, கட்டி, ஓட்டிக் காட்ட வேண்டும். ஃபார்முலா எஸ்.ஏ.இ. முறையில் மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 325 கார் ஓடுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடும்: வடிவமைப்பை நடுவர்கள் முன் நியாயப்படுத்துவதற்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்தை எடுத்துரைப்பதற்கு 75. ஓட்டத்துக்கான மதிப்பெண்ணில் மிகப் பெரிய பங்கு சுமார் 22 கிலோமீட்டர் நீடிக்கும் தாங்குதிறன் சுற்றுக்கு. அதற்கு மட்டும் 275.

இதில் மாணவர் கற்பது எவ்வளவு என்பதை ஒரே ஒரு விதியை வைத்துச் சொல்கிறேன். பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை வழியாகத்தான் போக வேண்டும். இன்ஜின் வேகம் கூடக் கூட அந்தத் துளையில் காற்றின் வேகம் ஏறி, ஒரு கட்டத்தில் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும், நொடிக்கு ஏறத்தாழ 75 கிராம் காற்றுக்குமேல் போகாது. வகுப்பில் சூத்திரமாக மனப்பாடம் செய்து மறந்துபோகும் இந்த உண்மையை, உங்கள் மகள் துளைக்கு முன்னும் பின்னும் உள்ள குழாயின் சரிவைத் தானே வரைந்து, தானே செய்து, சோதித்துப் பார்த்து அறிகிறாள். நான் மாணவனாக இருந்தபோது எங்கள் கார் பிரேக் சோதனையில் தோற்றது. நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும், எங்களுக்குப் பின்சக்கரம் ஒன்று பூட்டவில்லை. அன்று மதியம் முழுவதும் வெயிலில் உட்கார்ந்து பிரேக் அழுத்தத்தை முன்னும் பின்னும் பிரித்துப் பார்த்தபோது கற்றது இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

பெண் பிள்ளை என்று தயங்க வேண்டாம். இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து மான்செஸ்டரில் விமான-விண்வெளிப் பொறியியல் படித்த லீனா கேட், ஆடி (Audi) கார் அணியின் ரேஸ் இன்ஜினியராக 2011, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். ரெட் புல் அணியின் பந்தய உத்தியை வகுக்கும் ஹன்னா ஷ்மிட்ஸ் கேம்பிரிட்ஜில் இயந்திரப் பொறியியல் படித்தவர். பட்டறையிலிருந்து விடுதிக்குப் பாதுகாப்பாகத் திரும்ப வண்டி ஏற்பாடு உண்டா என்பதைக் கல்லூரியிடம் கேளுங்கள். அது நீங்கள் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பட்டம் இல்லாமல் பந்தயத் துறைக்குள் போக முடியுமா?
– வாசகர், ஓசூர்

முடியும். ஃபெராரி அணியை வெற்றிகளின் உச்சிக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவரான ராஸ் பிரான், ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் தொழில் பழகுநராகத் தொடங்கியவர். நீங்கள் இருக்கும் ஓசூரிலேயே டி.வி.எஸ். ரேசிங் 1982 முதல் இயங்குகிறது. தேசியப் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் நடக்கும் வார இறுதிகளில், கச்சிதமாக வேலை செய்யும் மெக்கானிக்குகளுக்குத் தேவை உண்டு. சம்பளம் பாராமல் இரண்டு மூன்று பந்தயங்களுக்கு ஓர் அணியோடு போய் வாருங்கள். பிறகும் ஆர்வம் குறையாவிட்டால், டிப்ளமோ முடித்தவர்களுக்கான நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையில் பி.இ. சேரலாம்.

கேள்வி: பி.இ. இறுதி ஆண்டு. இங்கிலாந்தில் மோட்டார் ஸ்போர்ட் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்க அப்பா தயாராக இருக்கிறார். போகலாமா?
– மாணவர், கோயம்புத்தூர்

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டை வைக்க வேண்டாம்.

முதுநிலைப் படிப்பு ஓர் ஆண்டு. அதன் பிறகு வேலை தேடத் தங்குவதற்கு இதுவரை தந்துவந்த 2 ஆண்டு அனுமதி, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதமாகக் குறைகிறது. அதற்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் ஒன்று உங்களை எடுக்க வேண்டும். ஃபார்முலா ஒன்னில் 2021 முதல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு இருப்பதால் அணிகள் இஷ்டம்போல் ஆள் சேர்க்க முடியாது. பந்தய நாளில் காரின் இயக்கத்தில் ஈடுபடுவோரின் எண்ணிக்கையையும் விதிகள் ஏறத்தாழ 60 பேரோடு நிறுத்திவிடுகின்றன. திறமை இருந்தும் இடம் கிடைக்காமல் போகலாம் என்பதே இதன் பொருள். அந்த ஆபத்தை ஒரு குடும்பத்தின் கூரைமேல் ஏற்றக் கூடாது.

மாற்று வழி இருக்கிறது. செங்கல்பட்டு அருகே மஹிந்திரா ரிசர்ச் வேலி போன்ற வாகன ஆய்வு மையம் ஒன்றில் சஸ்பென்ஷன், கணினிவழிக் காற்றோட்ட ஆய்வு, மின்கல வெப்ப மேலாண்மை ஆகியவற்றில் ஏதாவது ஒரு பிரிவில் இரண்டு ஆண்டுகள் வேலை பாருங்கள். மாலை நேரங்களில், பந்தய அணிகள் ஓட்டத் தரவுகளை அலசப் பயன்படுத்தும் மோட்டெக் ஐ2 மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். அசெட்டோ கோர்சா கம்பெட்டிசியோனே என்ற கணினிப் பந்தய விளையாட்டு தன் ஓட்டத் தரவுகளை அந்த வடிவிலேயே சேமிக்கிறது. ஒரே வளைவை இரண்டு சுற்றுகளில் எடுத்ததை அருகருகே வைத்து, எங்கே நேரம் போயிற்று என்று கண்டுபிடித்துப் பழகுங்கள். அந்த ஆய்வுகளில் சிறந்த மூன்றையும், கல்லூரிக் காரில் நீங்கள் செய்த பாகத்தின் கணக்கையும் சேர்த்து அனுப்பினால், உதவித்தொகைக்கான விண்ணப்பமும் வலுவாகும். சேமிப்பும் உதவித்தொகையும் போக மீதிக்கு மட்டும், வீட்டை ஈடு கேட்காத கல்விக் கடன் கிடைக்கும் ஆண்டில் புறப்படுங்கள். அப்பாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.